ஏவலும் அழைப்பும்: போரில் காயமுற்ற மனங்களும் உடற்பயிற்சியும்

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு (பி.டி.எஸ்.டி.) உடையோருக்கு உடற்பயிற்சி பயன்படுமா என்னும் வினா, அண்மைக்கால ஆய்விதழ்களில் புதியதொரு வினாவைப் போலவே எழுப்பப்படுகிறது. உண்மையில் இவ்வினாவுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. இடைக்காலத்தில் நோயின் பெயர் பலமுறை மாறியது. ஒவ்வொரு பெயரும் நோயை உடலிலோ சூழலிலோ ஓரிடத்தில் வைத்தது. அவ்விடத்துக்கு ஏற்ப ஓய்வோ உழைப்போ மருந்தாக விதிக்கப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி இன்றுவரை நீளும் அவ்வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். பயிற்சி மருந்தாக அமைந்ததா, தேர்வாகவோ தண்டனையாகவோ அமைந்ததா என்பதை அதன் வகை மட்டும் முடிவு செய்யவில்லை. அதன் அளவையும் நோக்கத்தையும் வகுத்தவர் யார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்தது.

1. ஓய்வு என்னும் மருந்து

1871ஆம் ஆண்டு, ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா ஒரு கட்டுரை வெளியிட்டார். உள்நாட்டுப் போரின்போது டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் தாம் கவனித்த முந்நூறுக்கும் மேற்பட்ட படைவீரர்களின் நிலையை அதில் ஆராய்ந்திருந்தார். அவர்களுக்கு நெஞ்சு படபடத்தது, மார்பு வலித்தது, சிறிது நடந்தாலும் மூச்சு வாங்கியது, உறக்கம் கெட்டிருந்தது. ஆயினும் பெரும்பாலோரின் இதயத்தில் அமைப்புக் குறை எதையும் காண முடியவில்லை. டா கோஸ்டா இந்நிலைக்கு 'எரிச்சலுற்ற இதயம்' என்று பெயரிட்டார். பெயர் நோயை இதயத்தில் வைத்தது. இதயம் களைத்திருந்தால் அதற்கு வேண்டியது ஓய்வு. ஆகவே படுக்கையும் டிஜிட்டாலிஸ் போன்ற மருந்துகளும் விதிக்கப்பட்டன.

அதே மருத்துவமனையில் பணியாற்றிய சைலஸ் வெயர் மிட்செல், போருக்குப் பின்னர் 'ஓய்வுச் சிகிச்சை' என்னும் முறையைப் புகழ்பெறச் செய்தார். நரம்புத் தளர்ச்சி என்று கருதப்பட்ட பெண்களை அவர் வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தினார். அவர்கள் வாசிப்பதையும் எழுதுவதையும் தடை செய்தார். இச்சிகிச்சைக்கு உட்பட்ட சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன், அதன் கொடுமையை 1892இல் 'மஞ்சள் சுவர்த்தாள்' என்னும் சிறுகதையாக எழுதினார். அதே மிட்செல் ஆண் நோயாளிகள் சிலரை அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு அனுப்பிக் குதிரையேறவும் வேட்டையாடவும் சொன்னார். ஒரே வகைத் தளர்ச்சிக்குப் பெண்ணுக்குப் படுக்கையும் ஆணுக்குப் புல்வெளியும் மருந்தாயின. நோயாளியின் சமூக நிலையைப் பார்த்து அசைவை அளந்து கொடுக்கும் வழக்கம் இங்கேயே காணப்படுகிறது. அடுத்த அரை நூற்றாண்டில் அது இராணுவ வடிவம் பெற்றது.

2. படி ஏறும் பயிற்சி

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை மருத்துவமனைகள் இத்தகைய வீரர்களால் நிரம்பின. ஆவணங்களில் இந்நிலை 'இதயச் செயற்கோளாறு' என்று பதிவாயிற்று. டா கோஸ்டாவின் மரபைப் பின்பற்றி அவர்களும் நெடுங்காலம் படுக்கையில் வைக்கப்பட்டனர். படைக்கு ஆள் குறைந்தது. ஓய்வூதியச் செலவு பெருகுமென்ற அச்சம் எழுந்தது. இந்நிலையில் மருத்துவ ஆராய்ச்சிக் குழு இச்சிக்கலை இதயவியலாளர் தாமஸ் லூயிஸிடம் ஒப்படைத்தது.

ஹாம்ப்ஸ்டெட் மருத்துவமனையிலும் 1917 முதல் கோல்செஸ்டரிலும் லூயிஸ் இவர்களை ஆராய்ந்தார். இதயத்துடிப்பின் மின்வரைவை முன்னோடியாகப் பயன்படுத்தியவர் அவர். பெரும்பாலோரின் இதயம் நோயுற்றதன்று என்பதே அவருடைய முடிவு. நலமுள்ள எவரும் கடுமையாக ஓடினால் உண்டாகும் படபடப்பும் மூச்சிரைப்பும் இவர்களுக்குச் சிறு உழைப்பிலேயே உண்டாகின்றன என்று அவர் விளக்கினார். ஆகவே 'எரிச்சலுற்ற இதயம்' என்ற பெயரை விடுத்து 'உழைப்பு நோய்த்தொகுதி' என்ற பெயரை முன்மொழிந்தார். அவருடைய நூல் 1918இல் வெளிவந்தது.

பெயர் மாறியதும் மருந்தும் மாறியது. நோய் இதயத்திலிருந்து நகர்ந்து, உடல் உழைப்பை எதிர்கொள்ளும் முறைக்குள் வந்தது. அதனால் நெடும் படுக்கை ஓய்வே கேடு என்றாயிற்று. லூயிஸ் படிப்படியாகக் கடுமையாகும் அணிப்பயிற்சிகளை வகுத்தார். எளிய அசைவுகளில் தொடங்கும் ஒருவர், தாங்க முடிந்தால் அடுத்த நிலைக்கு உயர்ந்தார். மருத்துவ வரலாற்றில் இது பெரும் முன்னேற்றம். நலமான இதயமுடைய பலர் ஆயுள் முழுதும் தம்மை இதய நோயாளியாக எண்ணி வாழும் நிலையிலிருந்து இதனால் தப்பினர்.

ஆனால் இப்பயிற்சிக்கு இன்னொரு பணியும் இருந்தது. அது ஒரு சல்லடையாகவும் பயன்பட்டது. மேல்நிலைப் பயிற்சியைத் தாங்கியவர் முழுப் பணிக்குத் தகுதியானவர். இடையில் நின்றவர் இலேசான பணிக்குரியவர். கீழ்நிலையிலேயே தங்கியவர் படையிலிருந்து விடுவிக்கத் தக்கவர். ஒரு வீரர் தம் உடல் தேறுவதை உணரும் ஒவ்வொரு நாளும் போர்முனைக்கு ஒரு நாள் நெருங்கினார். பயிற்சியில் முன்னேறுவது நலமடைதலும் ஆயிற்று. நலமிழந்த இடத்துக்கே திரும்புதலும் ஆயிற்று.

3. ஒரு பெயரின் குறுகிய வாழ்வு

1915 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் சார்லஸ் மயர்ஸ், 'லான்செட்' இதழில் மூன்று வீரர்களைப் பற்றி எழுதினார். அருகில் குண்டு வெடித்தபின் அவர்களுடைய பார்வையும் நினைவும் பாதிக்கப்பட்டிருந்தன. அக்கட்டுரை வழியாக 'ஷெல் ஷாக்' என்னும் சொல் மருத்துவ எழுத்தில் நிலைபெற்றது. இச்சொல் நோயை உடலுக்கு வெளியே, வெடிக்கும் குண்டில் வைத்தது. குண்டு அருகில் வெடிக்காதவர்களிடமும் அதே அறிகுறிகள் தோன்றியபோது பெயர் பொருந்தாமல் போயிற்று. மயர்ஸே பின்னர் அச்சொல்லின் தகுதியை ஐயுற்றார்.

இராணுவத்துக்கு அச்சொல் வேறு காரணத்தால் இடையூறாக இருந்தது. 'ஷெல் ஷாக்' என்பது எதிரியால் விளைந்த காயம் என்ற பொருளைத் தந்தது. காயமெனில் மதிப்பும் ஓய்வூதியமும் உண்டு. 1917இல் அச்சொல்லின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டு, 'இன்னும் கண்டறியப்படாதது (நரம்பு)' என்ற தொடர் முன்னணி மருத்துவ நிலையங்களில் வழக்குக்கு வந்தது. 1922இல் சவுத்பரோ குழுவின் அறிக்கை, அச்சொல்லை மருத்துவப் பெயர்ப் பட்டியலிலிருந்தே நீக்கப் பரிந்துரைத்தது. பெயரிடுதல் ஒரு நிருவாகச் செயலாகவும் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

வகுப்பு வேறுபாடும் பெயரில் படிந்தது. அதே நிலை அதிகாரிகளிடம் தோன்றினால் 'நியூரஸ்தீனியா' எனவும், சாதாரண வீரர்களிடம் தோன்றினால் 'ஹிஸ்டீரியா' எனவும் பெரும்பாலும் குறிக்கப்பட்டது. முன்னது மிகையான பொறுப்பால் வந்த களைப்பு. பின்னது மனவலிமைக் குறைவு. உடலை இயக்கச் சொல்லும் முறையும் இதற்கேற்பவே பிரிந்தது.

4. கிரெய்க்லாக்கார்ட்: செயல்வழி மருத்துவம்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், முன்பு நீர்ச்சிகிச்சை விடுதியாக இருந்த கிரெய்க்லாக்கார்ட் கட்டடம் 1916 அக்டோபரில் போர் மருத்துவமனை ஆயிற்று. அங்கே அதிகாரிகள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். கவிஞர்கள் சீக்ஃப்ரீட் சசூனும் வில்ஃப்ரெட் ஓவனும் 1917இல் அங்கே நோயாளிகளாக இருந்தமையால் இவ்விடம் இலக்கிய வரலாற்றிலும் இடம்பெற்றது. சசூனைக் கவனித்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நீலகிரித் தோடர்களிடையே 1901-02இல் களப்பணி செய்து 1906இல் நூல் எழுதிய அதே மானிடவியலாளர் அவர். அச்சமூட்டும் நினைவை ஒதுக்கித் தள்ளாமல் பேசிப் பார்க்க வேண்டும் என்பது ரிவர்ஸின் நிலைப்பாடு.

ஓவனைக் கவனித்த ஆர்தர் ப்ராக்கின் வழி வேறு. கிரேக்க மருத்துவர் கேலனை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர். தம் முறைக்குச் செயல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 'எர்கோதெரபி' என்று பெயரிட்டார். போர், மனிதனை அவனது சூழலிலிருந்து துண்டித்துவிடுகிறது. அவனது காலமும் இடமும் உறவும் சிதறிப் போகின்றன. செயலின் வழியாக அவனை மீண்டும் சூழலோடு பிணைப்பதே மருத்துவம் என்று ப்ராக் கருதினார். நோயாளிகளைக் காலையுணவுக்கு முன்பே எழுப்பி நடக்கவோ நீந்தவோ அனுப்பினார். தோட்ட வேலை, கோழி வளர்ப்பு, இயற்கை ஆய்வுக் கழகம், மருத்துவமனை இதழான 'தி ஹைட்ரா' எனப் பல வேலைகள் அங்கே நடந்தன. வெறும் பொழுதுபோக்கு மறதியைத் தரும், மீட்சியைத் தராது என்பது அவர் எண்ணம்.

கிரேக்கத் தொன்மத்தில் வரும் அன்டேயஸ் என்னும் அரக்கன், தாயான நிலத்தைத் தொடுந்தோறும் வலிமை பெறுபவன். அவனை மண்ணிலிருந்து தூக்கியே ஹெர்குலிஸ் வெல்கிறான். இக்கதையை ப்ராக் தம் முறைக்கு உருவகமாகக் கொண்டார். அதைக் கவிதையாக எழுதும்படி ஓவனுக்குப் பணியும் தந்தார். ஓவன் ஹைட்ரா இதழின் ஆசிரியராக இருந்தார். இயற்கை ஆய்வுக் கழகத்தில் தாவரங்கள் சிந்திக்கின்றனவா என்ற தலைப்பில் கட்டுரை வாசித்தார். எடின்பரோப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தினார்.

சூழலையும் மனிதனையும் ஒன்றாகக் காணும் இக்கருத்தை ப்ராக் பெற்றது ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸிடமிருந்து. கெடிஸ் அப்போது இந்தியாவில் நகரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் ஏற்றி வந்த 'கிளான் கிராண்ட்' கப்பலை 1914 அக்டோபரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. அதற்கு முந்தைய மாதம் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு வீசி, தமிழில் 'எம்டன்' என்ற சொல்லையே விட்டுச் சென்ற கப்பல் அதுதான். மாற்றுப் பொருள்களைத் திரட்டி 1915 தொடக்கத்தில் கெடிஸ் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட நகரங்களைக் குறித்து அறிக்கை எழுதினார். குடியிருப்பவரைப் பெயர்த்து எறியாமல் நகரைச் சீர்செய்ய வேண்டும் என்பது அவ்வறிக்கைகளின் சாரம். ப்ராக் அதே எண்ணத்தை நோயுற்ற மனிதனுக்குப் பொருத்தினார்.

லூயிஸின் பயிற்சி ஒருவர் எவ்வளவு தாங்குவார் என்று கேட்டது. ப்ராக்கின் பயிற்சி ஒருவர் எதனோடு இணைவார் என்று கேட்டது. இவ்வேறுபாடு பெரிது. ஆயினும் இரண்டின் முடிவிடமும் ஒன்றே. ஓவன் தேறினார், 1918இல் பிரான்சுக்குத் திரும்பினார், போர்நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன்பு, நவம்பர் 4ஆம் நாள் கொல்லப்பட்டார்.

5. தோட்டமும் வேலியும்

சாதாரண வீரர்களுக்கும் உழைப்பு மருந்தாகத் தரப்பட்டது. ஆர்தர் ஹர்ஸ்ட் 1918இல் டெவன் பகுதியின் சீல் ஹேன் வேளாண் கல்லூரியை மருத்துவமனையாக நடத்தினார். அங்கே எடுக்கப்பட்ட திரைப்படத்தில், முதலில் நடுங்கியும் முறுகியும் நடக்கும் வீரர்கள், பின்னர் நிலம் உழுவதும் கோழிக்குத் தீனியிடுவதும் கூடை முடைவதுமாகத் தோன்றுகின்றனர். நோயாளிகள் பங்குகொண்ட போலிப் போர்க்காட்சி ஒன்றும் அதில் உண்டு. சில 'சிகிச்சைக்கு முந்தைய' காட்சிகள் பின்னர் நடித்துக் காட்டப்பட்டவை என மருத்துவ வரலாற்றாசிரியர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். அசையும் உடலே நலத்தின் சான்று என்ற எண்ணம் அப்படத்தில் ஆழப் பதிந்துள்ளது. வயலில் வேலை செய்யும் மனிதர் இரவில் என்ன கனவு கண்டார் என்பதைப் படக்கருவி பதிவு செய்ய இயலாது.

இந்தியச் சிப்பாய்களின் நிலையை இதனோடு சேர்த்துக் காண வேண்டும். 1914-15இல் பிரான்சில் காயமுற்ற இந்தியர்கள் பலர் பிரைட்டன் நகர மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அரண்மனையான ராயல் பெவிலியனில் அவர்கள் கிடந்த படங்கள் பரப்புரைக்குப் பயன்பட்டன. அதே நகரின் கிச்சனர் இந்திய மருத்துவமனையிலோ சுற்றிலும் முள்வேலி இருந்தது, காவல் இருந்தது, வெளியே செல்வது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதன் தலைவர் கர்னல் புரூஸ் சீட்டன், சிப்பாய்கள் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்ற ஐயத்தைத் தீர்க்க ஆயிரம் காயங்களை ஆராய்ந்தார். ஐயத்துக்குச் சான்றில்லை என முடிவு கூறினார். குணமடைந்தவர்களை மீண்டும் போர்முனைக்கே அனுப்புவது குறித்த வேதனை, தணிக்கையாளர் பதிவு செய்த அவர்களுடைய கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

எடின்பரோவின் அதிகாரிக்குக் காலை நடை மருந்தாயிற்று. பிரைட்டனின் சிப்பாய்க்கு வளாகத்துக்கு வெளியே நடப்பதே பிறர் அனுமதிக்கு உட்பட்டது. நடை என்ற செயல் ஒன்றுதான். அதை யார் யாருக்கு அளித்தார்கள், மறுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

6. இதயத்திலிருந்து அச்சத்துக்கு

இரண்டாம் உலகப் போரில் இவ்வினா மீண்டும் எழுந்தது. 1941இல் இதயவியலாளர் பால் உட், டா கோஸ்டாவின் நோய்த்தொகுதி இதயத்தைச் சார்ந்ததன்று, அச்சத்தைச் சார்ந்தது என்று வாதிட்டார். இலண்டனின் மில் ஹில்லில் இந்நோயாளிகளுக்கான பிரிவில் அவரோடு பணியாற்றிய மேக்ஸ்வெல் ஜோன்ஸ், நோயாளிகளைக் கூட்டி, படபடப்பும் மூச்சிரைப்பும் உடலில் எவ்வாறு உண்டாகின்றன என விளக்கினார். விரிவுரைகளாகத் தொடங்கியவை நோயாளிகள் ஒருவருக்கொருவர் விளக்கும் உரையாடல்களாக மாறின. பின்னாளில் 'சிகிச்சைச் சமூகம்' என அறியப்பட்ட முறைக்கு அது ஒரு தொடக்கம். தம் உடலில் நிகழ்வது என்ன என்று அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பது இங்கே நடைமுறையாயிற்று.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியல் 1952இல் 'கடும் உளத்தகைவு எதிர்வினை' என்ற பெயரைச் சேர்த்தது, 1968இல் விட்டுவிட்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியோரின் போராட்டமும், வன்முறைக்குள்ளான பெண்களைப் பற்றிய ஆய்வுகளும் சேர்ந்து, 1980இல் பி.டி.எஸ்.டி. என்ற பெயருக்கு வழிவகுத்தன. முதன்முறையாகப் பெயர் காலத்தைச் சுட்டியது: நிகழ்வு முடிந்த பின்னும் முடியாதிருப்பது. போர் என்ற எல்லையும் அகன்றது.

7. சோதனைகள் சொல்வது

புதிய பெயரின்கீழ் உடற்பயிற்சி ஆய்வு மெதுவாகவே வளர்ந்தது. விளையாட்டுகள் பி.டி.எஸ்.டி.க்குப் பயன்படுமா என்று 2010இல் காக்ரேன் ஆய்வு மதிப்பீடு தேடியபோது, அதன் தகுதி வரையறைக்குள் ஓர் ஆய்வுகூட அகப்படவில்லை. 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்த 81 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையோடு, 12 வாரம், வாரத்துக்கு மூன்று முறை அரைமணி நேரத் தசைவலுப் பயிற்சியும், அடியெண்ணும் கருவியின் துணையோடு நடைப்பயிற்சியும் மேற்கொண்டனர். அவர்களுடைய அறிகுறிகள் மற்றப் பிரிவினரைவிடக் கூடுதலாகக் குறைந்தன.

ஏன் குறைகின்றன என்பதற்கு முன்வைக்கப்படும் விளக்கங்களுள் ஒன்று லூயிஸையும் ஜோன்ஸையும் நினைவூட்டுகிறது. இந்நோயுடைய பலருக்கு வேகமான இதயத்துடிப்பே ஆபத்தின் அறிகுறி. ஆகவே மூச்சு வாங்கும் எதையும் தவிர்க்கிறார்கள். தவிர்ப்பதால் உடல் தளர்கிறது. தளர்ந்த உடல் சிறு உழைப்பிலும் படபடக்கிறது. பாதுகாப்பான இடத்தில், தாமே அளவிட்டு உழைக்கும்போது, துடிப்பு ஏறும், பின்பு இறங்கும், கேடு நேராது என்பதை உடல் கற்கிறது. இந்நோயுடையோருக்கு இதயநோய் வாய்ப்பு மிகுதி என்பதால் உடல்நலத்துக்கும் பயிற்சி வேண்டியதே. எனினும் சிகிச்சை வழிகாட்டிகள் முதன்மை தருவது அதிர்ச்சியை நேரடியாகக் கையாளும் உளச்சிகிச்சைகளுக்கே. உடற்பயிற்சி அவற்றுக்குத் துணை, மாற்று அன்று.

2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இங்கே தனிக்கவனம் பெறத் தக்கது. பிற சிகிச்சைகளால் குணமடையாத 64 பெண்களில் ஒரு பிரிவினருக்குப் பத்து வாரம் யோகப் பயிற்சியும், மற்றப் பிரிவினருக்குப் பெண்கள் நலக் கல்வியும் தரப்பட்டன. முடிவில் யோகப் பிரிவில் 31 பேரில் 16 பேரும், மற்றப் பிரிவில் 29 பேரில் 6 பேரும் நோய் வரையறைக்கு வெளியே வந்திருந்தனர். ஆய்வு சிறியது, ஆயினும் அங்கே கையாளப்பட்ட யோகமுறையின் மொழி கருதத்தக்கது. அம்முறையில் ஆசிரியர் கட்டளையிடுவதில்லை. 'கையை உயர்த்து' என்பதற்குப் பதில், விரும்பினால் உயர்த்திப் பார்க்கலாம் என்கிறார். உடலைத் தொட்டுத் திருத்துவதைத் தவிர்க்கிறார். எந்த அசைவையும் எந்த நொடியிலும் நிறுத்திக்கொள்ளலாம்.

தமிழ் இலக்கணம் ஏவலையும் வியங்கோளையும் வேறுபடுத்துகிறது. 'செய்' என்பது முன்னால் நிற்பவரை இயக்கும் ஏவல். 'செய்க' என்னும் வியங்கோளோ வாழ்த்தல், வைதல், வேண்டல் ஆகியவற்றோடு விதித்தலையும் தாங்கும். அதாவது, வடிவம் மென்மையாக இருப்பதனாலேயே ஆணை வேண்டுகோளாகிவிடாது. கேட்பவருக்கு மறுக்கும் உரிமை உண்டா என்பதே பொருளை நிறுவும். அணிப்பயிற்சியின் மொழி முழுதும் ஏவல். ப்ராக் தம் நோயாளிகளிடம் எவ்வளவு பரிவோடு பேசியிருந்தாலும், அவர்களால் மறுக்க இயலாத பேரேவல் ஒன்று மருத்துவமனைக்கு வெளியே காத்திருந்தது.

இந்தியாவில் இன்று பேரிடரிலிருந்தும் கலவரத்திலிருந்தும் குடும்ப வன்முறையிலிருந்தும் மீண்டவர்களுக்கு, ஓடுங்கள், யோகா செய்யுங்கள், எல்லாம் சரியாகும் என்ற அறிவுரை எளிதாகத் தரப்படுகிறது. அவ்வறிவுரையில் உண்மை உண்டு என்பதை மேற்கண்ட ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பாதுகாப்பாக நடக்கத் தெருவில்லாத பெண்ணுக்கும், ஓய்வு நேரமே இல்லாத தொழிலாளிக்கும், முகாமை விட்டு வெளியேற அனுமதியில்லாத அகதிக்கும் அவ்வறிவுரை எவ்வாறு சென்று சேரும் என்பதையும் சொல்பவரே விளக்க வேண்டும். தேறாதவரைப் பார்த்து முயலவில்லை என்று குறை கூறும்போது, அறிவுரை லூயிஸ் காலத்துச் சல்லடையாக மீண்டும் மாறிவிடுகிறது.

ஆகவே இத்துறையில் ஓர் ஆய்வை வாசிக்கும் மாணவர், எத்தனை வாரம், எத்தனை நிமிடம், எவ்வளவு குறைந்தது என்பவற்றோடு இன்னும் மூன்றையும் குறித்துக்கொள்வது நன்று: பயிற்சியின் அளவை முடிவு செய்தவர் யார், நிறுத்தும் உரிமை யாரிடம் இருந்தது, நலமடைந்தவர் எங்கே திரும்பினார். 1918இன் மருத்துவமனைப் பதிவேடுகளில் மூன்றாம் வினாவுக்கு மட்டும் விடை தெளிவாக இருந்தது. முதலிரண்டும் கேட்கப்படவே இல்லை.